கோட்டைக்குள் ஒரு கைதி

எங்கள் வரலாற்றுத் துறையின் கல்விச் சுற்றுலாவில் ஆக்ராவுக்குச் சென்றபோது எல்லோரும் தாஜ்மகாலைக் காணத் துடித்தார்கள். நானோ ஆக்ராக் கோட்டையில், யமுனையை நோக்கிய எண்கோண மாடத்தருகே நெடுநேரம் நின்றுவிட்டேன். முசம்மன் புர்ஜ் என்பது அதன் பெயர். வெண்சலவைக் கல்லில் பூவேலை செய்த அந்த மாடத்தின் பக்கமிருந்து பார்த்தால், ஆற்றின் வளைவுக்கப்பால் தாஜ்மகால் தெரிகிறது. இந்த மாடத்தையும் அந்த மகாலையும் கட்டுவித்தவன் ஒருவனே. அவன்தான் தன் கடைசி ஏழரை ஆண்டுகளை இக்கோட்டையில் கைதியாகக் கழித்தான். சிறை வைத்தவன் வேற்று நாட்டுப் பகைவன் அல்லன்; பெற்ற மகன்!

அங்கே நின்றபோது எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. அவர் கொத்தனார். சுற்றுலாவுக்குப் பணம் கேட்டதில் எங்களுக்குள் மனத்தாங்கல். புறப்பட்ட அன்று அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது முடிவில் விளங்கும். முதலில் ஷாஜகானின் கதையைக் கேளுங்கள்.

1592 ஜனவரி 5ஆம் நாள் லாகூரில் பிறந்தான் ஷாஜகான். இளமைப் பெயர் குர்ரம். ஜஹாங்கீரின் மூன்றாம் மகனான அவனை வளர்த்தவர் பாட்டனார் அக்பரின் மனைவி ருக்கையா பேகம். 1612இல் அர்ஜுமந்த் பானுவை மணந்தான். அவளே மும்தாஜ் மகால். 1617இல் தக்காணத்தில் பெற்ற வெற்றிக்குப் பரிசாக ஜஹாங்கீர் அவனுக்கு ஷாஜகான் என்ற பட்டத்தை அளித்தான்.

அந்தப் பட்டம் தந்த தந்தையையே 1622இல் அவன் எதிர்த்தான். அரசவையில் நூர்ஜகானின் கை ஓங்கியதும், அரியணை தன்னை விட்டு நழுவிவிடுமோ என்ற அச்சமும் அவனைக் கலகத்தில் இறக்கின. மனைவி மக்களோடு பல திசைகளிலும் அலைந்து, இறுதியில் 1626இல் பணிந்தான். இனிக் கலகம் செய்வதில்லை என்பதற்குப் பிணையாகத் தன் மக்களான தாராவையும் ஔரங்கசீப்பையும் ஜஹாங்கீரின் அவைக்கு அனுப்பிவைத்தான். அப்போது ஔரங்கசீப்புக்கு வயது ஏழெட்டுதான் இருக்கும். தந்தையை மகன் எதிர்க்கலாம் என்ற பாடத்தை அச்சிறுவன் வீட்டிலேயே கற்றான் என்று சொன்னால் தவறாகுமா?

1628இல் ஷாஜகான் அரியணை ஏறினான். போட்டிக்கு வரக்கூடிய உறவினர்கள் அவன் ஆணையால் கொல்லப்பட்டனர். மூன்றே ஆண்டுகளில் துயரம் அவனைத் தேடி வந்தது. 1631இல் புர்ஹான்பூரில், பதினான்காவது குழந்தையைப் பெற்ற மும்தாஜ் உயிர் நீத்தாள். அதே ஆண்டுகளில் குஜராத்திலும் தக்காணத்திலும் கொடும்பஞ்சம் மக்களைக் கொன்று குவித்தது. அவன் எழுப்பிய சலவைக்கல் அழகை வியக்கும் நாம் இதையும் மறக்கலாகாது.

கட்டடக் கலையில் அவனுக்கிருந்த ஈடுபாடு பெரிது. ஆக்ராக் கோட்டை 1565இல் அக்பர் தொடங்கிய செங்கல்மலை போன்ற கோட்டை. வெளிப்புறம் சிவப்பு மணற்கல். அதனுள் சில பழைய மாளிகைகளை அகற்றிவிட்டு வெண்சலவைக் கல்லில் காஸ் மகாலையும் பிற மாளிகைகளையும் ஷாஜகான் எழுப்பினான். அதிலும் நிறைவு கொள்ளாமல் தில்லியில் புதிய தலைநகரமே காண விரும்பினான். உஸ்தாத் அகமது, உஸ்தாத் ஹமீது என்னும் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு 1639இல் தொடங்கிய செங்கோட்டை 1648இல் நிறைவெய்தியது. ஒழுங்கற்ற எண்கோண வடிவம், சுமார் 2.4 கிலோமீட்டர் சுற்றளவு. ஆற்றுப் பக்கம் 18 மீட்டரும் நகரப் பக்கம் 33 மீட்டருமாக உயரும் மதில்.

ஆனால் அக்கோட்டையின் உயிர் மதிலில் இல்லை, நீரில் இருந்தது. கால்வாய் வழியே வந்த யமுனை நீர், ஷா புர்ஜ் என்ற மூலை மாடத்தில் நுழைந்து, மாளிகைகளின் நடுவே சலவைக்கல் வாய்க்காலில் வரிசையாக ஓடியது. சொர்க்க ஓடை என்ற பொருள்படும் நஹர்-இ-பிஹிஷ்த் என்பது அதன் பெயர். கோடையில் அரண்மனையைக் குளிர்வித்தது அதுவே.

1657இல் ஷாஜகான் நோயுற்றான். மக்கள் நால்வரும் அரியணைக்காக மோதிக்கொண்டனர். 1658இல் சாமுகர் போரில் தாராவை வென்ற ஔரங்கசீப் ஆக்ராக் கோட்டையை முற்றுகையிட்டான். அந்த வலிய மதிலைப் பீரங்கியால் வெல்வது எளிதன்று. எனவே யமுனையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் தண்ணீரை மறித்தான். மாளிகைக்குள் ஆற்றையே ஓடவிட்ட பேரரசன் ஒரு குவளை நல்ல தண்ணீருக்குத் தவித்துக் கதவைத் திறந்தான்! அதன்பின் வெளியுலகை அவன் காணவில்லை. மகள் ஜஹானாரா உடனிருந்து பணிவிடை செய்தாள். 1666இல் அவன் இறந்தபின் மும்தாஜின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டான்.

அவன் கட்டிய செங்கோட்டையும் துன்பத்துக்குத் தப்பவில்லை. 1739இல் நாதிர்ஷா மயிலாசனத்தைக் கொண்டுபோனான். 1857 பெருங்கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் உள்ளிருந்த கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினர். கர்சன் வைசிராயாக இருந்தபோதுதான் சீரமைப்புத் தொடங்கியது. லண்டனுக்குப் போயிருந்த திவான்-இ-ஆம் வண்ணக்கல் பலகைகள் மீட்டுவரப்பட்டு மீண்டும் பதிக்கப்பட்டன. 1904இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின்னும் கோட்டையின் பெரும்பகுதி இராணுவத்திடமே இருந்து, 2003 டிசம்பரில்தான் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. ஆக்ராக் கோட்டை 1983இலும் செங்கோட்டை 2007இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

ஆக்ராவிலிருந்து தில்லிக்குச் சென்ற நாங்கள், செங்கோட்டையில் சுவர் ஒன்றைப் பழுது பார்ப்பதைக் கண்டோம். முதியவர் ஒருவர் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசிக்கொண்டிருந்தார். சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரமும் உப்பும் மணற்கல்லைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விட்டுவிடும். இதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கோயில் மதிலைப் பூசியபோது, சாரத்தில் நின்றபடி என் தந்தை சொன்னது இது. அன்று அவர் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

அன்றிரவே தந்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தக் காரையில் கடுக்காய் ஊறவைத்த நீரும் கருப்பட்டியும் சேர்க்கிறார்களா என்றுதான் கேட்டார். தெரியாது என்றேன். கேட்டு வரச் சொன்னார். மறுநாள் மற்றவர்கள் கடைவீதிக்குப் போக, நான் மீண்டும் செங்கோட்டைக்குப் போனேன். அந்த முதியவர் பேசிய மொழி எனக்கு விளங்கவில்லை. தொட்டிக்குள் இருந்த கலவையைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்துத் தந்தார்.

நண்பர்களே, உதிர்ந்த மதிலை நூறு ஆண்டு கழித்தும் பூசிவிடலாம். தந்தைக்கும் மகனுக்கும் நடுவே விழும் விரிசலைப் பூச அத்தனை காலம் கிடைப்பதில்லை. ஷாஜகானுக்கும் கிடைக்கவில்லை, ஔரங்கசீப்புக்கும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. அந்தக் காகிதப் பொட்டலத்தை வாங்கி, காரையை விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்து, நல்ல வேலை என்று தலையசைத்தார் என் தந்தை.