கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

தாம் கற்றதைப் பிறர்க்கும் பயன்படச் செய்தவரையே உலகம் நெடுநாள் நினைக்கிறது. கணிப்பொறித் துறையில் அவ்வாறு நினைக்கப்படுபவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

இவர் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று அறியும் ஆவலால், வீட்டிலிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள் என்று தாயார் சொல்லிவிட்டார்! வளர்ந்தபின் வாசர் பெண்கள் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டே, 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல் கடற்படையில் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டில் 'மார்க் 1' என்னும் பெரிய கணிப்பொறிக்குக் கட்டளைகள் எழுதும் பணி கிடைத்தது. அங்கே ஒரே வகைக் கணக்கு மீண்டும் மீண்டும் வரும். ஆகவே, ஒருமுறை சரியாக அமைந்த கட்டளைத் தொகுதியை நோட்டில் குறித்து வைப்பார்கள். தேவைப்படும்போது ஒருவர் நோட்டிலிருந்து மற்றவர் பார்த்து எழுதுவார். எழுதுகையில் ஓர் எண் பிசகினாலும் கணக்கு பாழாகிவிடும்.

பார்த்தெழுதும் வேலையைப் பொறியிடமே விட்டால் என்ன என்று எண்ணினார் அம்மையார். 1949-இல் யூனிவாக் கணிப்பொறியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்த அவர், சரிபார்த்த தொகுதிகளைக் காந்த நாடாவில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்தார். எண்களை வரிசையாகக் குறித்தால் போதும். உரிய தொகுதிகளைப் பொறியே தேடியெடுத்து இணைத்துவிடும். 1952-இல் செயற்பட்ட இம்முறைக்கு 'ஏ-0' என்று பெயர். பொறி கணக்குத்தான் போடும், இதெல்லாம் செய்யாது என்று பலரும் நம்ப மறுத்தனர். அவர் செய்து காட்டினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர்களும் அக்காலத்தில் இத்தகைய நூலகம் ஒன்றை அமைத்திருந்தனர்.

இன்று அம்முறை மேலும் வளர்ந்துள்ளது. நம் வீட்டுக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் நூலகத்தின் ஒரே பிரதி நினைவகத்தில் இருக்க, பல நிரல்கள் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன. ஊர்ப் பொதுக்கிணறு போன்றது அது. அதிலுள்ள பிழையைத் திருத்தினால் அனைத்தும் நலம் பெறும். பிழை புகுந்தாலோ அனைத்தும் அல்லலுறும்.

1986-இல், தம் 79-ஆம் வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்ற அம்மையார், 1992 ஜனவரி 1-ஆம் நாள் மறைந்தார்.

அன்பு மாணவியரே! நாம் ஒருமுறை செவ்வனே செய்து பொதுவில் வைக்கும் வேலை, நாம் அறியாத பலருக்கும் உதவும். பலர் நம்பி எடுப்பதாலேயே அதில் நம் கவனமும் பன்மடங்காக வேண்டும். அம்மையாரின் வாழ்வில் நாம் கற்கும் பாடம் இதுவே.