மயிலாப்பூர் வீட்டில் முளைத்த ஆய்வு நிறுவனம்

சேர்வராயன் மலையில் காப்பிக் கன்று நட்டவர் பலன் காண மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை கன்றைக் காப்பது சில்வர் ஓக் மரங்களின் நிழல். முனைவர் பட்டம் பெற்ற இளம் ஆய்வாளருக்கும் அத்தகைய நிழல் தேவை. கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் பட்டம் பெற்று, அடுத்தகட்ட ஆய்வுப் பணிக்காகப் பல நாடுகளுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இளைஞர் ஒருவரை அண்மையில் ஏற்காட்டில் சந்தித்தேன். பேசித் திரும்புகையில் அல்லாடி ராமகிருஷ்ணன் நினைவுக்கு வந்தார்.

அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் அவர், 1923-இல் பிறந்தவர். சட்டம் பயின்றும் அவரது மனம் இயற்பியலையே நாடியது. 1947-இல் ஹோமி பாபாவிடம் சேர்ந்து காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். மான்செஸ்டரில் முனைவர் பட்டம் பெற்றபின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

1957-58-இல் ஓப்பன்ஹைமர் தலைமையிலிருந்த பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் தங்கினார். வகுப்பெடுக்கும் கடமையின்றி, பல நாட்டு இளம் அறிஞர்கள் ஓரிரு ஆண்டுகள் சிந்தனையில் ஈடுபடும் இடம் அது. அத்தகைய சூழல் சென்னை மாணவர்களுக்கும் வாய்க்க வேண்டும் என்று விழைந்தார். கட்டடமும் நிதியும் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. மயிலாப்பூரில் தம் இல்லமான ஏகாம்ர நிவாஸிலேயே கருத்தரங்கைத் தொடங்கினார்.

1960-இல் சென்னை வந்த நீல்ஸ் போர் அந்தச் சிறு மாணவர் குழுவைக் கண்டு வியந்தார். மாநிலக் கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியத்தின் முயற்சியால் செய்தி பிரதமர் நேருவை எட்டியது. 1962 ஜனவரி 3-ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் உதயமானது, வானியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர் தொடக்க விழாவில் பங்கேற்றார். 1983 வரை அதன் இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணன் 2008-இல் மறைந்தார்.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. கோட்பாட்டு இயற்பியலுக்குப் பெரும் இயந்திரங்கள் வேண்டா. அதன் முதன்மையான மூலதனம் கவலையற்ற காலம். இரண்டாண்டுப் பணியில் சேரும் ஆய்வாளர், ஓராண்டு கழிந்ததுமே அடுத்த இடத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்க நேர்கிறது. சிந்திக்க வேண்டிய நேரத்தை விண்ணப்பங்கள் விழுங்கிவிடுகின்றன. நம் பல்கலைக்கழகங்கள் ஐந்தாண்டு நீடிக்கும் ஆய்வுப் பணியிடங்கள் சிலவற்றையேனும் உருவாக்கினால் இந்த இழப்பு குறையும். அதற்காகும் செலவு ஒரு புதிய கட்டடத்தின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒரு தனிமனிதர் தம் வீட்டில் தந்த நிழலை, அரசும் பல்கலைக்கழகங்களும் தர இயலாதா? ஏற்காட்டு இளைஞர் காத்திருக்கிறார்.