மன்னார்க் கடலில் ஒரு வஞ்சினம்

பழிவாங்குதலைப் பேசும் அறிவியற் புனைகதைகள் விண்வெளியைக் களமாகக் கொள்வது புதிதன்று. அமெரிக்க எழுத்தாளர் அல்பிரட் பெஸ்டர் 1956 இல் வெளியிட்ட நாவலின் நாயகன், சிதைந்த விண்கலத்தில் தன்னைக் கைவிட்டுச் சென்றவர்களைத் தேடித் திரிகின்றான். இத்தகைய கதைகளுக்கு முன்னோடியாக அமைந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு எழுத்தாளர் யூல்ஸ் வேர்ண். அவருடைய நாயகன் கடலடியைத் தேர்ந்துகொண்டான். செட்டிகுளத்தைக் கடந்து மேற்கே செல்லும் வீதி சென்றடைகின்ற மன்னார்க் கடலும் அக்கதையில் இடம்பெறுகின்றது என்பதை நம்மவரிற் பலர் அறியார்.

வேர்ண் 1828 பெப்ரவரி 8 ஆம் திகதி நான்த் துறைமுக நகரிற் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. மகனும் சட்டம் பயிலவே பாரிஸுக்கு அனுப்பப்பட்டார். அவரோ நாடகம் எழுதினார். அலெக்ஸாண்டர் டூமாவின் நட்பைப் பெற்றார். திருமணத்தின் பின் குடும்பத்தைக் காக்கப் பங்குச் சந்தையில் தொழில் பார்த்தார். பதிப்பாளர் எட்செல் 1863 இல் அவரது முதல் நாவலை வெளியிட்ட பின்னரே அவர் வாழ்வு திசை மாறிற்று. 1865 இல் சந்திரப் பயணத்தை எழுதியவர், 1869, 1870 ஆம் ஆண்டுகளில் நீர்மூழ்கிக் கப்பலையும் அதன் தலைவன் நெமோவையும் படைத்தார்.

ரஷ்யாவினால் குடும்பத்தை இழந்த போலந்துக்காரனாகவே நெமோவை வேர்ண் முதலில் எண்ணியிருந்தார். ரஷ்ய வாசகரை இழக்க விரும்பாத பதிப்பாளர் அதனை ஏற்கவில்லை. எனவே நெமோவின் நாடு மறைக்கப்பட்டது. 1875 இல் நிறைவெய்திய மற்றொரு நாவலிலேயே அவன் புந்தேல்கண்ட் இளவரசன், திப்பு சுல்தானின் மருகன், 1857 கிளர்ச்சியில் மனைவி மக்களை இழந்தவன் என்பது தெரியவந்தது. 1799 இல் மாண்ட திப்புவோடு இக்காலக் கணக்குப் பொருந்தாது. எனினும் அன்னியரை எதிர்த்து வீழ்ந்தவரின் பெயரை ஐரோப்பியர் ஒருவர் மதிப்போடு எடுத்தாண்டமை சிறியதன்று.

வேர்ண் இலங்கையைக் கண்டவரல்லர். ஆயினும் மன்னார் முத்துச் சலாபத்தை எழுதினார். அங்கு ஏழை முத்துக்குளிப்பவன் ஒருவனைச் சுறாவிடமிருந்து மீட்கும் நெமோ, அவன் கையில் ஒரு பை முத்துக்களையும் வைக்கின்றான். அதே நெமோதான் பின்னர் ஒரு போர்க்கப்பலை ஆட்களோடு மூழ்கடிக்கின்றான். பழி தீர்த்த பின் மனைவி மக்களின் படத்தின் முன் மண்டியிட்டு அழுகின்றான். மரணப் படுக்கையிலோ, தான் செய்தது சரியா, தவறா என்ற ஐயத்தோடு கண் மூடுகின்றான்.

1886 இல் மனநலம் குன்றிய சகோதரர் மகன் சுட்டதில் வேர்ண் காலில் காயமுற்று, எஞ்சிய காலமெல்லாம் நொண்டியே நடந்தார். 1888 முதல் அமியான் நகரசபை உறுப்பினராகப் பணியாற்றினார். 1905 மார்ச் 24 ஆம் திகதி மறைந்தார். அதே ஆண்டில்தான் மரிச்சுக்கட்டியில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்ட பெரும் சலாபம் நிகழ்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அரபியரும் அங்கு ஒரே கடலில் மூச்சடக்கி மூழ்கினர்.

அக்கரையிலிருந்து 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் 2009 இல் இலட்சக்கணக்கான தமிழர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். கடைசி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. இரு சமூகங்களிடமும் நெமோவின் துயரம் உண்டு. அவனிடம் இருந்த இரு வழிகளும் அவற்றின் முன் உண்டு. மூழ்கடித்த கப்பல் அவனது கண்ணீரை நிறுத்தவில்லை. நீட்டிய கையோ ஓர் உயிரைக் கரை சேர்த்தது. இழந்தவர்க்கு நீதி வேண்டும். அதனை இரு சமூகத்தவரும் ஒருவருக்காக ஒருவர் கேட்பதே இக்கரைக்கு உகந்தது.