அச்சமும் அடைக்கலமும்

அஞ்சத் தக்கவற்றிற்கு அஞ்சுதல் அறிவுடையோர் செயல் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. எனவே, இறைநம்பிக்கை உடையார் உள்ளத்தில் அச்சமே தோன்றாது எனக் கருதுதல் பொருந்தாது. அச்சம் வந்துற்ற வேளையில் அவர் யாரிடம் அடைக்கலம் புகுகின்றார் என்பதே நோக்கத்தக்கது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

கி.பி. 780ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 164) பக்தாதில் பிறந்த இமாமவர்கள் இளமையிலேயே தந்தையை இழந்து, அன்னையாரின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். நபிமொழிகளைத் தேடி கூஃபா, பஸ்ரா, மக்கா, மதீனா, யமன் முதலிய இடங்களுக்குப் பயணம் செய்தார்கள். அவ்வுழைப்பின் பயனே 27,000க்கும் மேற்பட்ட நபிமொழிகளைக் கொண்ட 'முஸ்னது' எனும் பெருந்தொகுப்பு.

833ஆம் ஆண்டு, திருக்குர்ஆன் படைக்கப்பட்டதே எனும் முஃதஸிலாக்களின் கொள்கையை அறிஞர் பெருமக்கள் ஏற்றாக வேண்டும் எனக் கலீபா மஃமூன் ஆணையிட்டார். உயிருக்கு அஞ்சிப் பலர் இணங்கினர். இறைவனின் சொல் படைப்பன்று என உறுதியாக நின்ற இமாமவர்களும், முஹம்மது இப்னு நூஹ் எனும் இளைஞரும் விலங்கிடப்பட்டுத் தர்ஸூஸ் நகர் நோக்கி அனுப்பப்பட்டனர். வழியிலேயே கலீபா மறைந்த செய்தி எட்டியது. திரும்பும் வழியில் தோழரும் உயிர் நீத்தார். அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்திவிட்டு, இமாமவர்கள் தனியராய்ப் பக்தாத் சிறை புகுந்தார்கள்.

சிறைக்கோ கொலைவாளுக்கோ தாம் அஞ்சவில்லை என்றும், சாட்டையடி தாங்காது நிலைகுலைந்து விடுவோமோ என்பதே தமது அச்சம் என்றும் இமாமவர்கள் மனந்திறந்து கூறியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். இரண்டு அடிகள் விழுந்தபின் எஞ்சியவை எங்கு விழுகின்றன என்பதே தெரியாது என உடனிருந்த கைதி ஒருவர் தேற்றினாராம். அவ்வெளிய சொல்லைப் பேரறிஞராகிய இமாமவர்கள் இறைவன் அனுப்பிய ஆறுதலாகவே ஏற்றார்கள்.

கலீபா முஃதஸிமின் அவையில் அவர்கள் அஞ்சிய சாட்டை வந்தே தீர்ந்தது. நினைவிழக்கும் அளவிற்கு அடிக்கப்பட்டும் கொள்கை மாறவில்லை. ஏறத்தாழ 28 திங்கள் துன்புற்றபின் விடுதலை பெற்றார்கள். அடுத்து வந்த வாஸிக்கின் ஆட்சியில் போதிப்பதை நிறுத்தி மறைந்து வாழவும் நேர்ந்தது. பின்னர் முதவக்கில் அச்சோதனையை முடிவுக்குக் கொண்டு வந்து பரிசில்கள் அளித்தபோது, அவற்றை விரும்பாது ஒதுங்கினார்கள். தம்மை அடிப்பித்த முஃதஸிமை மன்னித்தும் விட்டார்கள். 855ஆம் ஆண்டு அப்பெருமகனார் மறைந்தபோது பக்தாத் மக்கள் பெருந்திரளாகக் கூடினர்.

தவக்குல் என்பது துன்பம் வாராது எனும் உறுதிமொழி அன்று. வந்த துன்பத்தில் இறைவன் கைவிடான் எனும் தெளிவே அது. இமாமவர்கள் தம் அச்சத்தை மறைத்தார்களில்லை, அதற்குப் பணிந்தார்களுமில்லை. நாளை என்னாகுமோ என ஏங்கும் இளைய நெஞ்சங்களுக்கு அவ்வாழ்வு நல்லதொரு துணையாகும்.