உலகைச் சுற்றிய விமானி வீழ்ந்த இடம்

ஐம்பதாயிரம் அடி உயரத்தை எட்டியதாகக் கருதப்படும் ஒரு மனிதர், தரையிலிருந்து எழும்பிய சில கணங்களிலேயே விழுந்து மடிந்தார். வானூர்தி வரலாற்றில் அழியாத இடம்பெற்ற அமெரிக்க விமானி வைலி போஸ்ட் அவர்களின் முடிவு அத்தகையது. விமானம் செலுத்தாத நமக்கும் அவரது வாழ்வில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

போஸ்ட் 1898 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆம் திகதி டெக்ஸாஸ் மாநிலத்தில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. எண்ணெய்க் கிணறுகளில் கூலியாளாக உழைத்தார். வழி தவறி 1921 இல் ஆயுதமுனைக் கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறையும் சென்றார். பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோதிலும், ஓராண்டளவில் நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டார். அதன்பின் ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டிய விமானக் குழுவொன்றில் சேர்ந்து, பரசூட்டில் குதிக்கும் வேலையைச் செய்தார்.

1926 இல் எண்ணெய்க் கிணற்று வேலைத்தலத்தில் தெறித்த உலோகத் துண்டொன்று அவரது இடது கண்ணைப் பறித்தது. வேறொருவராயின் பறக்கும் ஆசையை அத்துடன் கைவிட்டிருப்பார். போஸ்டோ, நட்டஈடாகக் கிடைத்த சுமார் 1,800 டொலரைக் கொண்டு தமது முதலாவது விமானத்தை வாங்கினார். எஞ்சிய ஒற்றைக் கண்ணால் தூரத்தைக் கணிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டார்.

பின்னர் எண்ணெய் வர்த்தகர் ஒருவரின் விமானியானார். அவரது 'வின்னி மே' எனும் லொக்ஹீட் விமானத்தில், 1931 இல் ஹரோல்ட் கட்டி என்ற வழிகாட்டுநருடன் 8 நாட்கள், 15 மணித்தியாலங்கள், 51 நிமிடங்களில் உலகைச் சுற்றி வந்தார். 1929 இல் ஜேர்மனிய ஆகாயக் கப்பலொன்றுக்கு இதே பயணத்துக்கு 21 நாட்கள் தேவைப்பட்டிருந்தன. 1933 ஜூலையில், எவர் துணையுமின்றித் தனியொருவராக 7 நாட்கள், 18 மணித்தியாலங்கள், 49 நிமிடங்களில் மீண்டும் உலகைச் சுற்றினார். உலகைத் தனித்துச் சுற்றிய முதல் விமானி அவரே.

காற்று அடர்த்தி குறைந்த மேல்வானில் பறப்பதற்காக 1934 இல் அழுத்த உடையொன்றை உருவாக்கச் செய்து, அதை அணிந்து தாமே பறந்து சோதித்தார். பிற்கால விண்வெளி வீரர்களின் உடைக்கு அது ஒரு முன்னோடி எனலாம்.

இத்துணை நிதானமாகச் செயற்பட்டவர் ஓரிடத்தில் மட்டும் சறுக்கினார். அலஸ்கா வழியாக ரஷ்யாவுக்கு விமானப் பாதை ஒன்றை ஆராய விரும்பிய அவர், 1935 இல் ஒரு விமானத்தின் உடலையும் வேறொரு வகை விமானத்தின் இறக்கைகளையும் பொருத்தினார். அந்த இணைப்பைச் செய்து தர லொக்ஹீட் நிறுவனம் மறுத்துவிட்டது. போதாக்குறைக்கு, நீரில் இறங்குவதற்கென அளவில் பெரிய மிதவைகள் பொருத்தப்பட்டன. விமானத்தின் முன்புறம் பாரம் மிகுந்ததாயிற்று.

நகைச்சுவை எழுத்தாளரும் திரைப்பட நடிகருமான வில் ரொஜர்ஸ் அவருடன் பயணமானார். ஒகஸ்ட் 15 ஆம் திகதி பொயின்ற் பரோவை நோக்கிப் பறந்தவர்கள், மூடுபனியில் வழி தெரியாது ஒரு களப்பில் இறங்கி, அங்கிருந்தோரிடம் திசை கேட்டறிந்தனர். மீண்டும் எழும்பியவுடன் இயந்திரம் நின்றது. விமானம் தலைகுப்புற நீரில் வீழ்ந்தது. இருவரும் உயிரிழந்தனர். அப்போது போஸ்டின் வயது 36.

இறக்கையின் மேலே காற்று சீராக வழிந்தோடும் வரையிலேயே அது விமானத்தைத் தூக்கி நிறுத்தும். வேகம் மிகவும் குன்றினால் காற்றோட்டம் குலைந்து தூக்குவிசை அற்றுப்போகும். இதனையே 'ஸ்டோல்' என்பர். உயரத்தில் இது நேர்ந்தால், மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டி மீண்டுவிடலாம். ஆனால் அதற்கு உயரம் வேண்டும். எழும்பும் தறுவாயில் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. இயந்திரம் நின்றதும், முன்பாரம் மிகுந்த அந்த விமானத்தின் மூக்கைத் தூக்கிப் பிடிக்க எவராலும் இயலாது போயிற்று.

திறமை குறைந்ததால் போஸ்ட் மாளவில்லை. தவறைத் திருத்திக்கொள்ள இடைவெளி இல்லாத இடத்தில், சமநிலை குலைந்த ஒன்றை நம்பியதாலேயே மாண்டார். இது விமானத்துக்கு மட்டும் உரிய விதியன்று. பாலம் கட்டுபவருக்கும், பயணிகளை ஏற்றிச் செல்லும் சாரதிக்கும், நோயாளியின் உயிரைக் கையில் ஏந்தும் மருத்துவருக்கும் இது பொருந்தும். வல்லவர் ஒருவர் செய்வதாலேயே ஒரு செயல் பாதுகாப்பானதாகிவிடாது. செய்து தர மறுப்பவரின் எச்சரிக்கை பல வேளைகளில் தடையாகத் தோன்றினும், அதுவே உயிர் காப்பதாகவும் அமையும்.

முன்னர் பரோ என அழைக்கப்பட்ட நகரின் விமான நிலையம் இன்று அவ்விருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து எழும்பும் ஒவ்வொரு விமானிக்கும் அப்பெயர் ஓர் அஞ்சலி மட்டுமன்று, ஓர் எச்சரிக்கையுமாகும்.