கெமிஸ்ட்ரி புரொபசரும் களாப் புதரும்

ரீயூனியனுக்கு வரும் நண்பர்கள் எல்லோரும் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிஷம் நின்று மூச்சை நன்றாக இழுத்து விடுவது! வெளியே பஸ் ஹாரனும் வெயிலும். உள்ளே நிழலும் இலை வாசனையும். படித்த பாடம் மறந்திருக்கும், அந்த வாசனை மட்டும் மறப்பதில்லை.

அந்தப் பசுமையைப் பற்றிப் பேசினால் ஒரு மனிதரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அவர்தான் எட்வர்ட் பார்ன்ஸ். 1892-ல் பிறந்தவர். தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்கிறவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். ஆனால் அவர் பாட்டனி வாத்தியார் இல்லை. நம்ம காலேஜின் கெமிஸ்ட்ரி புரொபசர்!

1837-ல் தொடங்கிய நம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நூறு வருஷம் ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்தது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு எலக்ட்ரிக் ட்ரெயின் வந்தது. 1937-ல், நூற்றாண்டு வருஷத்தில், கல்லூரியும் தாம்பரத்துக்கு வந்தது. வந்து சேர்ந்த இடம் சேலையூர்க் காடு. காடு என்றதும் தேக்கும் யானையும் கற்பனை செய்ய வேண்டாம். களா, காரை, உசில், விராலி, காட்டெலுமிச்சை, ஈச்சம் புதர் என்று கிடந்த முட்காடு. ரயிலில் போகிறவர் கண்ணுக்கு அது வெறும் பொட்டல்.

பார்ன்ஸ் கண்ணுக்கு அது அப்படித் தெரியவில்லை. காரணம், அவர் அதற்கு முன்பே சிறிய செடிகளைக் குனிந்து பார்க்கப் பழகியவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்து நடந்து செடிகளைச் சேகரித்தார். நாகம் படமெடுத்த மாதிரி பூக்கும் அரிசீமா இனத்தைப் பற்றி எழுதினார். காசித்தும்பை இனங்களைப் பற்றி எழுதினார். அரிசீமா சிட்டக்கஸ், இம்பேஷன்ஸ் பண்டாட்டா போன்ற புதிய இனங்களை உலகுக்கு விவரித்தவர் அவரே. தென்னிந்தியத் தாவர நூலை முடித்துத் தந்த சி.இ.சி. ஃபிஷருடன் சேர்ந்தும் எழுதியிருக்கிறார். பதிலுக்கு மற்ற அறிஞர்கள் அவர் பெயரைச் செடிகளுக்கு வைத்தார்கள்: அரிசீமா பார்னேசி, செரோபீஜியா பார்னேசி. கிளாஸில் கெமிஸ்ட்ரி, லீவில் மலை. இதுதான் அவர் வாழ்க்கை.

தாம்பரத்தில் அவர் செய்த வேலை இரண்டு. முதலாவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவரும் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் வளாகத்தில் மரம் நட முன்னின்றார்கள். இன்றைக்கு நாம் பேட்ச் போட்டோ எடுத்துக்கொள்ளும் நிழலில் அந்தத் தம்பதியின் உழைப்பும் இருக்கிறது.

இரண்டாவது வேலை சத்தமில்லாதது. 1929-ல் பி.வி. மயூரநாதன் சென்னை நகரத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் ஒரு பூக்கும் தாவரப் பட்டியலை வெளியிட்டிருந்தார். அதற்கு ஒரு துணைநூலைப் பார்ன்ஸ் 1938-ல் எழுதினார். சென்னை அரசு அருங்காட்சியகம் அதை வெளியிட்டது. விட்டுப்போன செடிகளையெல்லாம் கணக்கில் சேர்க்கிற வேலை. மரம் நட்டால் நாலு பேர் பாராட்டுவார்கள். களைச்செடிக்குப் பேர் எழுதினால் யார் பாராட்டுவார்கள்? ஆனால் என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் பெரிய வேலை. ஒரு இடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தால்தான், நாளைக்கு என்ன போய்விட்டது என்று சொல்ல முடியும்.

ஐம்பது வயதைத் தொடாமலே, 1941-ல் பார்ன்ஸ் காலமானார். தாம்பரத்தில் கல்லூரிக்கு அப்போது வயது நாலு. கானாவாழைக் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதியது, மறைந்த பிறகு 1946-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. அவர் ஆரம்பித்த பழக்கம் நிற்கவில்லை. நம் வளாகத் தாவரங்களைப் பற்றி கைல்ஸ் லால், லிவிங்ஸ்டன் இருவரும் 1978-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி (1932–1988) இங்கேயே பறவைகளையும் செடிகளையும் கவனித்து வந்தார். பார்த்தீர்களா, அவரும் பாட்டனிக்காரர் இல்லை!

சரி, முட்புதரைக் காப்பாற்றி என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் கிடப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. அதில் தண்ணீர் சுலபமாக இறங்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைப் பிடித்து வைப்பது மேலே இருக்கிற மண்ணும் சருகும் வேரும்தான். புதர் இருந்தால் தண்ணீர் மெதுவாக ஊறும், வழித்துவிட்டால் ஓடிவிடும். மிச்சத் தண்ணீர் ஏரிக்குப் போகும். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். காடு, ஏரி, சதுப்பு மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் கழுத்தை நெரித்தால் மற்றதற்கும் மூச்சு முட்டும்.

நாம் ஹாஸ்டலில் இருந்தபோது வயலாகப் பார்த்த இடமெல்லாம் இன்றைக்கு ஃபிளாட். 2015 டிசம்பரில் முடிச்சூரில் படகு விட்டார்கள்; 2019 கோடையில் சென்னை முழுக்கத் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றது. நாலே வருஷத்தில் இரண்டையும் பார்த்துவிட்டோம். 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் அதற்குத் தண்ணீர் வரும் வழியெல்லாம் அடைபட்டால் சர்டிபிகேட் மட்டும் மிஞ்சும்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பார்ன்ஸுக்குச் சிலை வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலேஜில் இருக்கும் மூன்று வருஷத்தில், ஹாலிலிருந்து கிளாஸுக்குப் போகிற வழியில் நிற்கும் பத்துச் செடியின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மாதம் பூக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். நீங்கள் காமர்ஸ் படித்தாலும் சரி, தமிழ் படித்தாலும் சரி.

எங்கள் செட் நண்பர்களுக்கும் ஒன்று. மதியம் சாப்பாடு முடிந்ததும் உடனே காரை எடுக்காதீர்கள். கொஞ்ச தூரம் காட்டுப் பக்கம் நடந்து வாருங்கள். களாப் பழம் கிடைத்தால் ஒன்று பறித்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். முள் மட்டும் ஜாக்கிரதை!