எடையை விடக் குணத்தை நம்பியவர்

நம்ம கெமிஸ்ட்ரி லேபில் மண்ணெண்ணெய்க்குள் கிடந்த சோடியத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடுகளவு வெட்டித் தண்ணீரில் போட்டால் சுர்ரென்று ஓடும். பரீட்சைக்காகத் தனிம அட்டவணையை உருப்போட்ட எனக்கு, அதை அமைத்தவர் பட்ட பாடு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

திமித்ரி மெண்டலீவ் 1834-ல் சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்கில் பிறந்தார். அதே ஆண்டில் ஆசிரியரான அப்பாவுக்குக் கண்பார்வை போயிற்று. அம்மா மரியா கண்ணாடித் தொழிற்சாலை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1847-ல் அப்பா காலமானார். மறு வருடம் தொழிற்சாலை தீக்கிரையானது. அந்தத் தாய் அசரவில்லை. கடைக்குட்டியை மாஸ்கோவுக்குக் கூட்டிப் போனார்; இடம் கிடைக்கவில்லை. 1850-ல் பீட்டர்ஸ்பர்க் ஆசிரியர் கல்லூரியில் சேர்த்துவிட்டு, அதே ஆண்டு கண்ணை மூடினார்.

பின்னாளில் பேராசிரியரான மெண்டலீவ், மாணவர்களுக்குப் பாடநூல் எழுதும்போது, அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களை ஒழுங்குபடுத்த முனைந்தார். 1869-ல் அட்டவணை பிறந்தது. அணு எடைப்படி வரிசை; ஒத்த குணமுள்ளவை ஒரே குடும்பம். லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று கீழே போகப் போக வேகம் கூடும். பொட்டாசியம் தண்ணீர் பட்டதுமே தீப்பிடிக்கும். ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் குடும்பத்திலோ நேர்மாறு. கீழே போகப் போகச் சாது! முன்னது எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் ஜாதி, பின்னது பிடுங்கும் ஜாதி. இந்தக் காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது.

டெல்லூரியத்தை விட அயோடினின் எடை குறைவு. ஆனாலும் குளோரின் மாதிரி நடந்துகொள்வதால் அயோடினைப் பின்னால் வைத்தார். டெல்லூரியத்தின் எடையைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அந்த எண்ணம் தவறு, வைத்த இடம் சரி. வரிசைக்கு ஆதாரம் அணு எண்தான் என்று 1913-ல் மோஸ்லி காட்டினார். மெண்டலீவ் காலியாக விட்ட கட்டங்களில் 1875-ல் காலியமும், 1879-ல் ஸ்காண்டியமும், 1886-ல் ஜெர்மானியமும் வந்து உட்கார்ந்தன.

1906 நோபல் பரிசுக்கு அவர் பெயர் அடிபட்டது. பரிசு, ஃபுளோரினைப் பிரித்தெடுத்த முவாசானுக்குப் போனது. அடுத்த வருடமே மெண்டலீவ் மறைந்தார். 1955-ல் கண்டறிந்த 101-ஆம் தனிமத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மூணு அரியர் வைத்திருந்த என்னை மார்க்கால் எடைபோடாமல், லேபில் நான் வேலை செய்வதைப் பார்த்து நம்பினார் ஒரு வாத்தியார். இன்று நான் இன்டர்வியூ மேஜையின் அந்தப் பக்கம் உட்காரும்போதெல்லாம், மார்க் ஷீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பையனின் முகத்தைப் பார்க்கிறேன்.